எட்டு-பி மூட்டையும் முப்பத்தெட்டுச் சீட்டுகளும்

டெய்லரக்காவின் கைவேலையில் குறை சொல்ல எதுவும் கிடையாது. காலர் நிற்கும், காஜா பிரியாது, மடிப்பு வைத்த இடத்தில் மடிப்பு இருக்கும். வாய்தான் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்று சொன்னது மரியாதைக்கு. கடைக்குள் ஓர் ஆள் காலை வைத்தால் போதும், அவர் படியேறி முடிப்பதற்குள் அக்கா ஒரு பட்டப்பெயர் வைத்து முடித்திருப்பாள். தபால்காரர் ‘நாரை’. பால் கொண்டுவருகிறவர் ‘உருட்டுக்கட்டை’. எதிர்வீட்டு வக்கீல் ‘ஊதின பலூன்’. பெயர் வாங்கியவர்களும் சிரித்துக்கொண்டுதான் போவார்கள். வேறு என்ன செய்வார்கள், தைக்கக் கொடுத்த சட்டை உள்ளே இருக்கிறதே.

பள்ளிக்கூடத்துச் சீருடை வேலை பதினாலு வருஷமாக அவளிடம்தான். வகுப்புகள் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகள் வரிசையில் வரவேண்டியது. அக்கா டேப்பைச் சுற்றி அளவைச் சொல்வாள், அவர் நோட்டில் எழுதுவார். ஆயுசில் பாதியைத் தையல் மெஷின் பக்கத்திலேயே கழித்ததில் அவருக்கு ஒரு காது மந்தம். அதனால் அக்கா அளவை உரக்கத்தான் சொல்வாள். தோள், மார்பு, இடுப்பு எல்லாம் ஹாலின் கடைசி ஜன்னல் வரைக்கும் கேட்கும். அளவோடு பட்டப்பெயரும் சேர்ந்தே வரும்.

அந்தப் பட்டப்பெயருக்கு அக்கா ஒரு நியாயம் வைத்திருந்தாள். ஒரு வகுப்பில் ஒரே பெயரில் நாலு பேர். வரிசை எண்ணைப் பார்த்தால் ஆள் ஞாபகத்துக்கு வராது. ஆள் கண்முன்னால் நின்றால்தான் கத்தரிக்கோல் சரியாக ஓடும் என்பது அவள் கட்சி. அதனால் வெட்டிய துணி ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுக் குத்துவாள். சீட்டின் மேல் பாதியில் பெரிதாகப் பட்டப்பெயர், கீழ்ப் பாதியில் சின்னதாக வரிசை எண். தைத்து, இஸ்திரி போட்டு, மூட்டை கட்டும்போது வீட்டுக்காரர் மேல் பாதியைக் கிழித்துப் போட்டுவிடுவார். எண் மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போகும். பதினாலு வருஷமாக இப்படித்தான் நடந்தது, ஒரு தவறு நடந்தது கிடையாது.

அந்த வருஷம் மூட்டை கட்டுகிற வாரத்தில் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். மனுஷர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். அக்கா ஒற்றை ஆளாக மெஷினுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு ஏ பிரிவுச் சீட்டுகளை எல்லாம் கிழித்தாள். சி பிரிவும் கிழித்தாள். நடுவில் இருந்த பி பிரிவுச் சீட்டுகளையும் கிழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மூட்டையைக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் காலை எட்டு-பி பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரும் அவரவர் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார்கள். பத்து நிமிஷம்தான். யார் கொக்கு, யார் தீக்குச்சி, யார் பீப்பாய், யார் தவளை, யார் பூசணி என்று முப்பத்தெட்டுப் பேருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. பாடத்தை மனப்பாடம் செய்யச் சொன்னால் தலையைச் சொறிகிற பிள்ளைகள்.

தலைமையாசிரியை போனில் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டார். அக்காவும் ‘தப்பு நடந்துபோச்சு மேடம், அவருக்கு உடம்பு சரியில்லை’ என்று பவ்யமாகச் சொன்னாள். போனை வைத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தீக்குச்சி முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்து நினைத்துச் சிரித்தாள். உள்ளே படுத்திருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. காய்ச்சல்காரருக்கு எதற்குத்தான் சிரிப்பு வரும் என்று அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு சாயங்காலம் ஒரு பெண் பள்ளிக்கூடப் பையோடு கடைக்கு வந்தாள். ஸ்கர்ட் இடுப்பில் நிற்கவில்லை, பிடித்துத் தர வேண்டும் என்றாள். எப்போதும் தைத்த சட்டை இறுக்குகிறது என்றுதான் பிள்ளைகள் வருவார்கள். வளர்கிற வயசு, பிரித்து விடுவதுதான் வேலை. இவள் பிடிக்கச் சொல்கிறாள். அக்கா டேப்பைச் சுற்றிப் பார்த்தாள், தாராளமாக ஒன்றரை இன்ச் குறைந்திருந்தது.

“அட, நல்லா இளைச்சுட்டியே கண்ணு. இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கே.”

மனசாரத்தான் சொன்னாள். பொய்யில்லை. அந்தப் பெண் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஏதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. கூலியைக் கேட்கிறாளாக்கும் என்று நினைத்து அக்கா, சீருடைக்குப் பிடிக்கிறதுக்கெல்லாம் காசு வாங்குவதில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

மூன்று வாரம் போயிருக்கும். அதே பெண், அதே ஸ்கர்ட். மறுபடியும் பிடிக்க வேண்டும். இந்தத் தடவை அக்கா வாயைத் திறந்தவள் மூடவில்லை. அந்த ரகசியத்தை எனக்கும் சொல்லிக்கொடேன், என் இடுப்புக்கு டேப்பே பத்தமாட்டேங்குது என்று கிண்டல் செய்தாள். வாசலில் நின்ற வேறு இரண்டு பிள்ளைகளிடம் இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றாள். அந்தப் பெண்ணின் கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்ததும், உதடு வெடித்திருந்ததும், ஸ்டூலில் இருந்து எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டதும் அக்காவின் கண்ணில் படவில்லை. கண் முழுக்க டேப்பில் இருந்தது. அளவெடுக்கிறவர்களுக்கு இப்படி ஒரு குருட்டுத்தனம் உண்டு.

அதற்கு அடுத்த வாரம் சயன்ஸ் டீச்சர் கடைக்கு வந்தார்.

சயன்ஸ் டீச்சர் சின்ன வயசுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். வாரத்துக்கு ஒரு பீரியட் பிள்ளைகளுக்கு உடம்பையும் சாப்பாட்டையும் பற்றிப் பாடம் நடத்தச் சொல்லிப் பள்ளிக்கூடம் அவர் தலையில் கட்டியிருந்தது. வந்தவர் உட்காரக்கூட இல்லை. துணி வெட்டுகிற மேஜையில் ஓரம் ஒதுக்கி, பையில் இருந்து துண்டுக் காகிதங்களை எடுத்து வரிசையாக வைத்தார். பதினொன்று இருந்தன.

விஷயம் இதுதான். அந்த வாரம் அவர் எட்டு-பி பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார். உங்கள் உடம்பைப் பற்றி யாராவது சொல்லி, உங்களால் மறக்கவே முடியாத ஒரு வார்த்தையை எழுதுங்கள், பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அப்பா சொன்னது, அத்தை சொன்னது, அண்ணன் சொன்னது என்று என்னென்னவோ வந்திருக்கிறது. முப்பத்தெட்டில் பதினொரு காகிதத்தில் இருந்தது அக்கா சீட்டில் எழுதிய வார்த்தை.

அக்கா குனிந்து படித்தாள். கொக்கு. பீப்பாய். தவளை. எல்லாம் அவள் வாய் பெற்ற பிள்ளைகள், வேறு வேறு கையெழுத்தில். ஒரு காகிதத்தில் ‘பூசணி’ என்று எழுதி அதன் மேல் பேனாவால் அடித்து அடித்துக் காகிதமே கிழிந்திருந்தது.

முதலில் அக்காவுக்குக் கோபம்தான் வந்தது. யாருக்கும் அதுதானே முதலில் வரும். விளையாட்டுக்குச் சொன்னதைப் போய் இப்படி நெஞ்சில் எழுதிவைப்பார்களா, இந்தக் காலத்துப் பிள்ளைகளைத் தொட்டாலே சிணுங்குகிறார்களே என்று படபடவென்று பொரிந்தாள். நாங்களெல்லாம் கேட்காத பட்டப்பெயரா, நாங்கள் வளரவில்லையா, எங்களுக்கு என்ன குறைந்துபோயிற்று என்றாள்.

இஸ்திரி மேஜையில் இருந்து வீட்டுக்காரர் நிமிர்ந்தார். அவர் ஒரு நாளில் பேசுவதே பத்து வார்த்தை. அதில் ஆறை அப்போது செலவழித்தார்.

“அப்ப முப்பது வருஷமா ஏம்மா முழுக்கை போட்டுக்கிறே?”

அக்கா ரவிக்கையின் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். பதினொரு வயசில் ஒரு கல்யாண வீட்டில் அவளுடைய பெரிய மாமா நாலு பேர் முன்னால் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, இது கையா ஒட்டடைக்கம்பா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மாமா செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கை இன்றைக்கு நன்றாகச் சதை போட்டு உருண்டுவிட்டது. ஆனாலும் ஊருக்கெல்லாம் அரைக்கை தைத்துக் கொடுக்கிறவள், தனக்கு மட்டும் எந்த வெயிலிலும் மணிக்கட்டு வரைக்கும் வைத்துத்தான் தைத்துக்கொள்வாள். அது ஏன் என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

டீச்சர் பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். பூசணி என்று எழுதிய பெண் யார் என்று அவருக்குத் தெரிந்துபோயிருந்தது. மைதானத்தில் வரிசையில் நிற்கும்போது மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மதியச் சாப்பாட்டை இரண்டு மாதமாகத் தினமும் யாருக்கோ கொடுத்துவிட்டு வெறும் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். பெற்றவள், பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறது, வளர்த்தியில் இளைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஸ்கர்ட்டை இரண்டு தடவை பிடித்துக் கொடுத்த கதை டீச்சருக்கு அந்தத் தாய் சொல்லித்தான் தெரிந்தது.

இரண்டு தடவை அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவள், தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், அவள்தான் பூசணியா. அன்றைக்கு ஹாலில் டேப்பைச் சுற்றியபோது நின்ற உருண்டைக் கன்னத்தையும், கடைக்கு வந்த முகத்தையும் சேர்த்துப் பார்க்க அக்காவுக்குத் தோன்றவே இல்லை. உருவத்துக்கு வைத்த பெயர் மறக்காது என்று மார்தட்டியவளுக்கு ஆளே மறந்துபோயிருக்கிறது. அதை விடுங்கள். லட்சணமாக இருக்கிறாய் என்று சொன்னாளே. மற்ற பிள்ளைகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னாளே. பாவி, பட்டினி கிடந்த பிள்ளைக்குக் கை தட்டியிருக்கிறேனே என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உங்களை மட்டும் சொல்லல. என் பங்கும் இருக்கு,” என்றார் டீச்சர்.

வகுப்புச் சுவரில் அவர் ஒரு படம் மாட்டியிருந்தாராம். நல்ல சாப்பாட்டுக்கெல்லாம் பச்சைக் கட்டம், கெட்ட சாப்பாட்டுக்கெல்லாம் சிவப்புக் கட்டம். பிள்ளைகள் நன்றாகப் பார்க்கட்டும் என்று பெரிதாக வரைந்திருந்தார். அந்தப் பெண் அதை அப்படியே நோட்டில் வரைந்துவைத்து, சிவப்பில் இருந்ததை எல்லாம் முதலில் அடித்திருக்கிறாள். அது முடிந்ததும் பச்சையில் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்திருக்கிறாள். கடைசியில் மிஞ்சியிருந்தது வெள்ளரிக்காயும் தண்ணீரும். நோட்டைப் பார்த்த அன்றே டீச்சர் படத்தைக் கழற்றிவிட்டார். இப்போது அந்தப் பீரியடில் நல்லது கெட்டது பேச்சே கிடையாது, எது பிடிக்கும், எப்போது பசிக்கும், பசித்தால் உடம்பு என்ன செய்யும் என்றுதான் பேசுகிறோம் என்றார். பாடம் நடத்தப் போய் நானே பட்டினிக்கு அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மேஜையில் இருந்த காகிதங்களைப் பையில் எடுத்துவைத்தார்.

அவள் மறுபடி வந்தால் என்ன சொல்லட்டும் என்று அக்கா கேட்டாள். அவள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம் என்றார் டீச்சர். பெருத்தாய் வேண்டாம், இளைத்தாய் வேண்டாம், ஐயோ பாவம் வேண்டாம், தேறிவிட்டாய் என்றுகூட வேண்டாம். எது சொன்னாலும் அந்தப் பிள்ளை அதை வைத்துக் கணக்குப் போடும்.

“அப்ப என் வாயத் தச்சுக்கவா டீச்சர்?”

“முடிஞ்சா செய்யுங்க.”

அடுத்த வாரம் அக்கா எட்டு-பி வகுப்புக்குப் போனாள். யாரும் கூப்பிடவில்லை, தானாகத்தான் போனாள். ஐந்நூறு பிள்ளைகளை அதட்டி வரிசையில் நிறுத்துகிறவள் முப்பத்தேழு பேர் முன்னால் புடவைத் தலைப்பை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டாள். உங்களை நான் சொன்னதெல்லாம் தப்பு, இனிமேல் அளவெடுக்கும்போது ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால்தான், அளவை வாய்விட்டுச் சொல்லமாட்டேன், சீட்டில் எண் மட்டும்தான் இருக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள். பின்வரிசையில் இருந்து பீப்பாய் எழுந்து, உங்களுக்கு யாராவது பேர் வச்சிருக்காங்களா என்று கேட்டான். வைத்திருக்கிறார்கள் என்றாள். என்னவென்று சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. முப்பத்தேழு பேரும் ஒரு மாதிரி சமாதானம் ஆகிவிட்டார்கள். ஆனால் முப்பத்தெட்டாவது இடம் காலி. அவள் இன்னும் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

பத்து நாள் கழித்து மதியத்தில் அவள் கடைக்கு வந்தாள். கையில் அதே ஸ்கர்ட்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாளாக வீட்டில் தாய் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பாடு கொடுக்கிறாளாம். தாய் அசந்த நேரத்தில் கிளம்பி வந்திருக்கிறாள். இன்னும் ஒரு இன்ச் பிடிக்க வேண்டும் அக்கா என்றாள். குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. அக்காவுக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. வாய் வரைக்கும் வந்த ‘ஐயோ, என்ன கோலம்டி இது’ என்பதைக் கடித்து விழுங்கினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். டேப்பைக் கழுத்தில் இருந்து எடுத்து மேஜையில் வைத்தாள்.

அந்தச் சீட்டு எழுதினது நான்தான், ஆனா அது நீதான்னு எனக்குத் தெரியாமப் போச்சு கண்ணு என்றாள்.

“தெரியும்,” என்றாள் பெண். “முதல் தடவை வந்தப்ப உங்களுக்கு என்னை அடையாளமே தெரியல. எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப என்கிட்டயே வந்தே? மூலையில இன்னொரு கடை இருக்கே.”

பெண் ஸ்கர்ட்டின் பட்டியைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள்.

“அவர் அளந்து என்ன ஆகும்? பேர் வச்சது நீங்கதானே. நீங்கதானே இல்லைன்னு சொல்லணும். ஒவ்வொரு தடவையும் சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நல்லா இருக்கேன்னு சொன்னீங்க. ஆனா நான் அது இல்லைன்னு நீங்க சொல்லவே இல்ல.”

இதற்குத்தான் அந்த முகம் காத்திருந்ததா. இரண்டு மாதப் பட்டினி, மூன்று தடவை கடை ஏறியது, எல்லாம் அக்காவின் வாயில் இருந்து ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கவா.

“இப்பவாவது சொல்லுங்க அக்கா. நான் அதுவா, இல்லையா?”

நீ அது இல்லவே இல்லடி தங்கம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் என்ன ஆகும் என்று அக்கா யோசித்தாள். பட்டினி கிடந்துதான் அந்தப் பெயர் போயிற்று என்று ஆகும். திரும்பச் சாப்பிட்டால் அந்தப் பெயர் திரும்ப வரும் என்று ஆகும். பேசுவதற்கு முன்னால் யோசிப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. வியர்த்துக் கொட்டியது.

“நீ எப்படி இருந்தா என்ன, நான் சொன்னது தப்பு,” என்றாள் கடைசியில். “அன்னிக்கு இருந்தியே, அப்படியே இருந்திருந்தாலும் தப்பு. அதுக்கு மேல ரெண்டு பங்கு பெருத்திருந்தாலும் தப்பு. அந்த வார்த்தை உன் இடுப்புல இல்ல கண்ணு. என் வாயில இருந்துச்சு. நீ எவ்வளவு குறைச்சாலும் அது எப்படிப் போகும்? என்னை மன்னிச்சுடும்மா.”

நாற்பது வயசுக்குக் கீழே இருக்கிற யாரிடமும் அக்கா அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. மேலே இருக்கிறவர்களிடமும் அதிகம் சொன்னதில்லை. பெண் அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்ப பிடிச்சுத் தரமாட்டீங்களா என்று கேட்டாள். மாட்டேன் என்றாள் அக்கா. பெண் ஸ்கர்ட்டைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கதை சொல்கிற நமக்கு அவள் அங்கேயே மனம் மாறியிருந்தால் வசதிதான். அப்படியெல்லாம் ஒரு மதியத்தில் நடந்துவிடுவதில்லை.

அவள் தெருவில் இறங்கியதும் அக்காவுக்குத் திக்கென்றது. மூலைக்கடை.

மூலைக்கடை டெய்லரோடு அவளுக்கு ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. சண்டைக்குக் காரணமும் அவள் வாய்தான். ஆள் குட்டை, மூக்குக்குக் கீழே நாலு முடி மீசை. அக்கா அவருக்கு வைத்த பெயர் ‘சுண்டெலி’, அது தெருவில் ஊறி, அவர் சொந்தப் பேரனே ஒரு நாள் அவரை அப்படிக் கூப்பிட்டுவிட்டான். அன்றையில் இருந்து எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் கடைக்குத்தான் அக்கா இப்போது செருப்பைப் போட்டும் போடாமலும் ஓடினாள். பெண் இன்னும் வந்திருக்கவில்லை, வேறு பக்கம் போயிருந்தாள்.

அக்கா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். ஒரு பெண் வருவாள், இந்த நிறத்து ஸ்கர்ட், ஒரு இன்ச் பிடிக்கச் சொல்வாள், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், அதைத் தொடாதீர்கள் என்றாள். அவர் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையில் இருந்து தலையைத் தூக்கவில்லை. நீ சொல்லி நான் கேட்கணுமா என்றார்.

“கேக்க வேணாம். உங்களுக்குப் பேர் வச்சதுக்கு எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டுங்க. ஆனா அதை மட்டும் பிடிச்சுக் கொடுத்துடாதீங்க. பிள்ளை செத்துப்போயிடும்.”

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். பிறகு, அந்தப் பெயர் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். இப்பத் தெரியுது என்றாள். அவர் அதற்குமேல் திட்டவில்லை. மறுநாள் அந்தப் பெண் அங்கேயும் போனாள். கையில் வேலை அதிகம், ரெண்டு மாசம் ஆகும் என்று சொல்லி அவர் திருப்பி அனுப்பிவிட்டார். கடையில் அன்றைக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு நடந்தது அக்காவின் கையில் இல்லை. டாக்டர் பார்த்தார். வாரா வாரம் வேறொரு டாக்டரம்மா அந்தப் பெண்ணையும் தாயையும் உட்காரவைத்துப் பேசினார். டீச்சர் மதிய இடைவேளையில் அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டார், நீயும் சாப்பிடு என்று சொல்லாமல். சில வாரம் நன்றாகப் போகும், அடுத்த வாரம் மறுபடி டப்பா அப்படியே திரும்பும். டீச்சர் வந்து சொல்லும்போதெல்லாம் அக்காவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டுக்காரர் தட்டை அவள் பக்கம் நகர்த்தி, நீயும் ஆரம்பிச்சுடாதே என்பார்.

அக்காவின் வாய் ஒரேயடியாக மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். தபால்காரர் படியேறினால் இன்னும் நாக்கு துறுதுறுக்கும். ஊசியைப் பல்லில் கவ்விக்கொள்வாள். தபால்காரர், உடம்புக்கு ஏதாவது முடியலையா அக்கா என்று விசாரித்துவிட்டுப் போவார்.

அடுத்த வருஷத்துச் சீருடை வேலை முடிந்து, பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய் இரண்டு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, மதியம் சாய்ந்த நேரம். அக்கா ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டியது. அந்தப் பெண்.

அக்காவின் கால் மெஷினில் நின்றுபோயிற்று. கன்னம் எப்படி இருக்கிறது, கை எப்படி இருக்கிறது என்று கண் ஓடப் பார்த்தது. அதைப் பிடித்து இழுத்துத் துணியில் நிறுத்தினாள். தேறிட்டியேடி ராசாத்தி என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. வாயைத் திறக்கவில்லை. என்ன வேலை என்று மட்டும் கேட்டாள்.

புது ஸ்கர்ட் இறுக்குகிறது, கொஞ்சம் பிரித்து விட வேண்டும் என்றாள் பெண். டேப்புக்காக இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். அக்கா டேப்பை எடுக்கவில்லை. திரைக்குப் பின்னால் போய் ஸ்கர்ட்டைப் போட்டுக்கொண்டு வா, எவ்வளவு விடணும்னு உனக்குத்தானே தெரியும், நீயே கையை வச்சுக் காட்டு என்றாள்.

பெண் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். பட்டிக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு விரல்தான் போயிற்று. இவ்வளவு என்று காட்டினாள். அக்கா சாக்கட்டியால் அந்த இடத்தில் கோடு போட்டாள். கோடு கோணலாக வந்தது. நாளைக்கு ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தைக்க வேண்டும், வெறும் வயிற்றில் பார்த்தால் சரியாக வராது என்று சொல்ல வேண்டும். அது தொழில் பேச்சுதான், யாருக்கும் சொல்வதுதான், உடம்பைப் பற்றிய பேச்சு இல்லை. இருந்தாலும் அதைச் சொல்ல அக்காவுக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

“நாளைக்கு ஒரு தடவை வந்து போட்டுப் பார்த்துடு கண்ணு. சாப்பிட்டுட்டு வந்தாத்தான் அளவு சரியாத் தெரியும்.”

“நாளைக்கு எதுக்கு அக்கா?” என்றாள் அந்தப் பெண். “இப்பவே சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.”